அறுபது சதுர அடியில் ஓர் அடுப்படி

குறைந்த பணத்தில் புதிய அடுப்படி கட்டும் கணக்கு, புதுக்கோட்டைப் பகுதியின் திருவரங்குளம் போன்ற ஊரில் பல குடும்பங்களுக்கு அரசு வீட்டுத் திட்டத்தின் அளவுகளோடுதான் தொடங்குகிறது. தமிழ்நாடு அரசு 2024இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். வீட்டின் பரப்பு சமையலறையும் சேர்த்து 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை போட வேண்டும். மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு ஏதேனும் ஒரு பொருளால் பயனாளி தம் விருப்பப்படி கூரை போட்டுக்கொள்ளலாம். பிரதம மந்திரி ஊரக வீட்டுத் திட்டத்தின் குறைந்தபட்சப் பரப்பு 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 269 சதுர அடி. சுகாதாரமான சமையல் இடமும் அதற்குள் அடங்க வேண்டும். 2011இல் தொடங்கிய பசுமை வீடுகள் 300 சதுர அடி. எந்தத் திட்டமானாலும் அடுப்படிக்கு மிஞ்சுவது ஐம்பது அறுபது சதுர அடிதான். சொந்தப் பணத்தில் கட்டுபவர்களும், பழைய வீட்டின் பின்புறம் சாய்ப்பு இறக்கி அடுப்படி சேர்ப்பவர்களும் ஏறக்குறைய இதே அளவில்தான் வந்து நிற்கிறார்கள்.

இந்த இடத்தில் செலவைத் திட்டமிட ஒரே ஒரு வரிசை போதும். பின்னால் மாற்ற முடியாதவற்றுக்கு முதலில் பணம். கண்ணுக்குத் தெரிவதற்குக் கடைசியில். நடப்பது பெரும்பாலும் தலைகீழ். திட்டப் பணம் கட்டுமான நிலைகளுக்கேற்பத் தவணைகளாக வருகிறது. கூரை போட்டு முடிக்கும்போது கை வற்றிவிடுகிறது. அடுப்படி வேலை கடைசியாக நிற்பதால், மிச்சமிருக்கும் சில ஆயிரங்களும் பளபளக்கும் சுவர் டைல்ஸுக்குப் போகின்றன. கழிவுநீர்க் குழாய்க்குச் சுவரை உடைக்க வேண்டியிருப்பது அதற்குப் பிறகுதான் தெரிய வருகிறது.

முதலில் பார்க்க வேண்டியது சுவர் தின்னும் இடம். எட்டடிக்கு ஏழரை அடி என்றால் 60 சதுர அடி. இதை வெளிச்சுவரோடு சேர்த்து அளந்து, மூன்று பக்கமும் ஒன்பது அங்குலச் சுவர் எழுப்பினால் உள்ளே கிடைப்பது சுமார் 44 சதுர அடி. மேலே கான்கிரீட் இல்லாமல் ஓடோ தகடோ வரப்போகிறதென்றால், மூலைகளில் தூண் நிறுத்தி இடையில் நாலரை அங்குலச் சுவர் வைக்கலாம். உள்ளே 51 சதுர அடிக்கு மேல் மிஞ்சும். சுவரைக் குறைத்தே ஏழு சதுர அடி சம்பாதிக்கலாம், செங்கல் செலவும் குறையும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, சாப்பிடும் இடம் தனியாக உள்ள வீட்டின் சமையலறைக்குச் சொல்லும் குறைந்தபட்சம் 5 சதுர மீட்டர், ஏறக்குறைய 54 சதுர அடி, அகலம் 1.8 மீட்டருக்குக் குறையக்கூடாது. குறைந்த வருவாய் வீடுகளுக்கு அதில் தளர்வு உண்டு. எனவே ஏழடிக்கு ஏழடி அடுப்படி சிறியதுதான், ஆனால் புழங்க முடியாததல்ல.

ஏழடிக்கு ஏழடி என்றதும் சிலருக்குச் சலிப்பு வரலாம். நவீன சமையலறைகளின் முன்னோடி என்று கட்டடக்கலை நூல்கள் போற்றும் ஃபிராங்ஃபர்ட் சமையலறையே இதைவிட வெகுவாகப் பெரிதல்ல. ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே லிகோட்ஸ்கி 1926இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக வரைந்த அந்த அறை, சுமார் 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்டது. 70 சதுர அடியை எட்டவில்லை. அப்படி ஏறக்குறைய 10,000 சமையலறைகள் பொருத்தப்பட்டன. எட்டி எடுக்கும் தூரம், நடக்கும் அடி எல்லாவற்றையும் அளந்து செய்த வடிவம் அது. பின்னர் 1940களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான ‘வேலை முக்கோணம்’ அடுப்பு, தொட்டி, குளிர்பெட்டி மூன்றுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்தது.

இரண்டும் மேடையிலேயே, தனியாகச் சமைக்கும் ஒருவரை வைத்துப் போட்ட கணக்குகள். திருவரங்குளத்து அடுப்படியில் பாதி வேலை தரையில் நடக்கிறது. அரிவாள்மனையில் காய் நறுக்குவது, கிரைண்டரில் மாவு தள்ளிவிடுவது, தேங்காய் துருவுவது, கீரை ஆய்வது எல்லாம் உட்கார்ந்துதான். மருமகள் அடுப்பில் நிற்கும்போது மாமியார் தரையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். ஆகவே காலியான தரையையும் வேலைமேடையாகவே எண்ண வேண்டும். குறைந்தது நாலடிக்கு மூன்றடி இடம், நடை வழியில் குறுக்கிடாமல் கிடைக்க வேண்டும். ஆறடி அகலத்தில் நீளவாக்கில் கட்டும் அடுப்படி இங்குதான் சிக்கலாகிறது: இரண்டடி மேடை போக மிஞ்சும் நாலடியில் ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர் தாண்டித்தான் போக வேண்டும். சதுரமான அறையே மேல். ஒரு சுவரை ஒட்டி ஏழடி மேடை, அதன் ஒரு முனையில் இரண்டரை அடித் திருப்பம், திருப்பத்தில் பாத்திரத் தொட்டி. மூன்று சுவரிலும் மேடை ஓட வேண்டும் என்ற ஆசை செலவையும் கூட்டும், தரையையும் விழுங்கும்.

எந்த மூலை என்ற கேள்விக்கு ஊரில் தயாராக ஒரு பதில் உண்டு: தென்கிழக்கு, அக்னி மூலை. அது இயலாவிட்டால் வடமேற்கு, வாயு மூலை. வாஸ்துவில் நம்பிக்கை இல்லாதவரும் இதைச் சட்டென்று தள்ளிவிட வேண்டியதில்லை. புதுக்கோட்டைப் பகுதியில் ஆடிக் காற்று தென்மேற்கிலிருந்தும் கார்த்திகை வாடை வடகிழக்கிலிருந்தும் வீசுகின்றன. அந்தக் கோட்டுக்கு விலகி நிற்கும் மூலைகள் தென்கிழக்கும் வடமேற்கும்தான். புகையும் தாளிப்பு நெடியும் வீட்டுக்குள் திரும்பாமல் பக்கவாட்டில் போய்விடும். ஆனால் மனையின் வாசல் தெருவைப் பார்த்திருக்கும்போது அக்னி மூலைக்காக அடுப்படியை முன்புறம் கொண்டுவந்து, கழிவுநீரை வீட்டைச் சுற்றிக் கொல்லைக்கு இழுத்துச் செல்வது வீண்செலவு. குழாயின் ஒவ்வொரு அடியும் பணம், ஒவ்வொரு வளைவும் பின்னாளில் ஓர் அடைப்பு.

மேடையின் உயரத்துக்குச் செலவில்லை, ஆனாலும் அதில்தான் அதிகத் தவறு நேர்கிறது. கொத்தனார் வழக்கமாக ஒரே மட்டமாகக் கட்டிவிடுவார். சமைப்பவரின் முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே வேலைமட்டம் இருந்தால் தோள் வலிக்காது. இந்தியப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 152 சென்டிமீட்டர். அவர்களுக்கு 32, 33 அங்குலம் பொருந்தும். மேல்நாட்டு அளவான 36 அங்குலத்தை அப்படியே எடுத்தால் கை தூக்கியே நறுக்க வேண்டிவரும். அடுப்பு வைக்கும் பகுதி இன்னும் தாழ வேண்டும், ஏனென்றால் மேடைமேல் அடுப்பும், அடுப்பின்மேல் குண்டானும் ஏறுகின்றன. கொதிக்கும் உலையை எட்டிப் பார்க்காமல் குனிந்து பார்க்கும்படி அந்தப் பகுதியை 28, 29 அங்குலத்தில் நிறுத்துவது நல்லது.

உடனே ஓர் இடைஞ்சல் எழுகிறது. 14.2 கிலோ சிலிண்டர், ரெகுலேட்டரோடு இரண்டேகால் அடிக்கு மேல் உயரம். தாழ்ந்த மேடைக்கடியில் அது நிற்காது. சிலிண்டரைப் பக்கத்து உயர்ந்த மேடைக்குக் கீழே நிறுத்தி, இரண்டுக்கும் இடையிலுள்ள குறுக்குச் சுவரில் ரப்பர் குழாய் போக ஓர் ஓட்டை விட்டால் தீர்ந்தது. அந்த ஓட்டையைக் கட்டும்போதே விட வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால் சிலிண்டர் இருக்கும் இடத்துக்குக் கதவு போட்டு அடைக்கக் கூடாது; வெளிச்சுவரில் தரையை ஒட்டி ஒரு சல்லடைத் துளை அவசியம். சாளரம் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

எரிவாயு அடுப்பைப் பற்றி மட்டும் திட்டம் போட்டால் பாதி அடுப்படிதான் திட்டமாகிறது. இலவச எரிவாயு அடுப்புத் திட்டம், 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டம் ஆகியவற்றுக்குப் பிறகு சிலிண்டர் கிராமத்து வீடுகளுக்குள் வந்துவிட்டது. விறகடுப்பு அதனால் வெளியேறிவிடவில்லை, கொல்லைக்கு நகர்ந்திருக்கிறது. குளிக்க வெந்நீர், நெல் அவித்தல், விருந்தாளி வந்தால் பெரிய குண்டானில் சோறு, மாட்டுக்குக் கஞ்சி இவையெல்லாம் கொல்லை அடுப்பின் வேலைகள். திருவரங்குளத்திலிருந்து ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் வரை தென்னையும் முந்திரியும் தைல மரமும் நிறைந்த பகுதி. தென்னை மட்டை, பாளை, முந்திரிக் கவாத்துக் கிளை, கருவேல முள் எதுவும் காசு கொடுத்து வாங்குவதல்ல. சிலிண்டர் விலை ஏறும் மாதத்தில் இந்த விறகுதான் குடும்பக் கணக்கை நேராக்குகிறது. திட்ட வரைபடங்களில் இந்த இரண்டாம் அடுப்புக்கு இடமே இருப்பதில்லை. எனவே வீடு முடிந்த மறுமாதம் பின்சுவரை ஒட்டி மூன்று கல் கூட்டப்படுகிறது, புதுச் சுண்ணாம்பில் கரி ஏறுகிறது, புகை சாளரம் வழியே உள்ளே வருகிறது.

விறகடுப்பைத் திருத்த நடந்த முயற்சிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா பொறுப்பேற்று நடத்திய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தின் வார்தா மகன்வாடி வளாகத்திலிருந்து ‘மகன் சூலா’ என்ற புகையில்லா அடுப்பு வந்தது. ஐதராபாத்தில் பொறியாளர் எஸ்.பி. ராஜு புகைபோக்கி வைத்த அடுப்புகளை வடிவமைத்து 1950களில் பரப்பினார். 1980களில் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கி 2002 வரை நடத்தியது. கோடிக்கணக்கில் கொடுக்கப்பட்ட அந்த அடுப்புகள் நெடுநாள் நிலைக்கவில்லை. அடுப்பின் வாய் ஓர் அளவு, வீட்டுப் பாத்திரம் வேறு அளவு. புகைபோக்கியில் கரி அடைத்தால் எடுத்துவிட ஆளில்லை. உடைந்த குழாய்க்கு மாற்று கிடைக்கவில்லை. இன்று கட்டுபவர் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் அங்கிருந்தே கிடைக்கிறது. அடுப்பை வீட்டிலுள்ள மிகப்பெரிய குண்டானின் அடியை அளந்து கட்ட வேண்டும். புகைக் குழாய் நாலு அங்குலத்துக்குக் குறையாமல், வளைவின்றி நேராக ஏறி, கூரைக்கு மேல் மூன்றடியாவது நீள வேண்டும். அடியில் கரி வாரும் வாய் ஒன்று விட்டிருக்க வேண்டும்.

இடத்தைப் பொறுத்தவரை, அடுப்படியின் பின்சுவருக்கு வெளியே, சாளரத்துக்கு நேராக இல்லாமல் ஒதுங்கி, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் கொடி அடுப்பாகக் கட்டுவது பொருத்தம். ஒரு வாயில் எரியும் தீ பக்கத்து வாயையும் சுடவைக்கும். சோறு ஒன்றில் கொதிக்க, குழம்பு மற்றதில் சூடாறாமல் இருக்கும். மேடை உயரத்துக்கு அதைத் தூக்கக் கூடாது. இருபது லிட்டர் வெந்நீர்த் தவலையை இடுப்பளவுக்குத் தூக்கி இறக்குவது விபத்துக்கு வழி. மேலே தென்னங்கீற்றுப் பந்தல் போடுவதும் வேண்டாம். நான்கு இரும்புக் குழாயும் இரண்டு தகடும் போதும்.

அந்த அறுபது சதுர அடிக் கூரைக்கு என்ன போடுவது? 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் இந்தப் பகுதியைப் புரட்டிப்போட்ட பிறகு, ஓட்டுக்கூரையைப் பற்றி ஊரில் நம்பிக்கை குறைந்திருக்கிறது. புயலில் சிமென்ட் தகடுகளும் இரும்புத் தகடுகளும்கூடப் பறந்தன என்பதை நினைவில் வைக்க வேண்டும். பிடிப்பில்தான் பலம். அடுப்படிக்கு ஓட்டுக்கூரை இன்னும் சிறந்தது என்றே சொல்லலாம்: ஓட்டு இடுக்குகளின் வழியே வெக்கை மேலே வெளியேறும், தகட்டைப் போல நீராவி வியர்த்துச் சொட்டாது. மரச் சட்டம் வைத்தால் இந்தச் செம்மண்ணில் கரையான் ஏறும். துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில் சட்டம் கட்டி, ஓரத்து வரிசை ஓடுகளைக் காரை வைத்துப் பூசிவிட்டால் காற்று அடியில் புகுந்து தூக்காது. சுவருக்கும் கூரைக்கும் இடையே முக்காலடி இடைவெளி விட்டு வலை அடிப்பது, மின்சாரப் புகைபோக்கி வாங்கும் செலவை மிச்சப்படுத்தும். சாளரத்துக்கு ஒரு கணக்கு: ஈரமும் வெப்பமும் மிகுந்த பகுதிகளில் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்கிறது கட்டட விதித்தொகுப்பு. ஐம்பது சதுர அடிக்கு மூன்றடிக்கு மூன்றடிச் சாளரம் ஒன்று ஏறக்குறைய சரியாக வரும். பழைய வீடுகள் இடிக்கும் இடத்திலும் பழைய மரக் கடைகளிலும் பாதிக்கும் குறைந்த விலையில் நல்ல சாளரம் கிடைக்கும். அதை முதலில் வாங்கிவைத்து, அந்த அளவுக்குச் சுவரில் வாய் விட வேண்டும். சாளரத்தைச் சுவருக்குத் தேடுவதைவிட இது மலிவு.

தண்ணீருக்கு வரும்போது குடத்தை மறந்துவிடக் கூடாது. 2019இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தால் வீட்டுக்கு வீடு குழாய் வந்திருக்கலாம். குழாயில் தண்ணீர் வரும் நேரம் வேறு விஷயம். பிடித்து வைப்பது தொடர்கிறது. நிறைகுடம் பதினைந்து கிலோ வரை இருக்கும். அதை மேடைமேல் ஏற்றுவதற்குப் பதில், வாசலை ஒட்டி ஒன்றரை அடி உயரத்தில் மூன்று குடம் வைக்கும் கல் ஒன்று பதித்தால் முதுகு பிழைக்கும். அடுப்படித் தரை, கூடத்தைவிட ஓரங்குலம் தாழ்ந்து, கழுவிவிட்டால் ஒரு மூலைக்கு ஓடும்படி சாய்ந்திருக்க வேண்டும். தொட்டிக் கழிவுக்கு இரண்டரை அல்லது மூன்று அங்குலக் குழாய்; நாலடிக்கு ஓரங்குலம் வாட்டம். அடித்தளம் போடும் நாளிலேயே இந்தக் குழாய் போகும் துளைக்கு ஒரு துண்டுக் குழாயைச் செருகிவைப்பதற்கு ஆகும் செலவு சொற்பம். பின்னால் துளைபோட ஒரு நாள் கூலி போகும். வெளியே வரும் நீர் வாழைக்கும் சேம்புக்கும் போகலாம். அதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்கும் சோற்றுப் பருக்கையும் தங்க ஒரு சிறு சதுரத் தொட்டி வேண்டும். அதில்லாத உறிஞ்சு குழி ஓரிரு வருடத்தில் ஊறாமல் நின்றுவிடும்.

மின்சாரத்தில் குறைப்பது ஆபத்து. அரசு 2011 முதல் இலவசமாக வழங்கிய மிக்சியும் கிரைண்டரும் அடுப்படியின் நிரந்தர உறுப்பினர்கள். கிரைண்டர் தரையில் நிற்பதால் அதற்கான பிளக் தரையிலிருந்து ஒன்றரை அடியிலும், மிக்சிக்கானது மேடைக்கு மேலும் வர வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பு இப்போது இல்லாவிட்டாலும் 16 ஆம்பியர் பிளக் ஒன்றைத் தனிக் கம்பியோடு இழுத்துவைப்பது அறிவுடைமை. 2,000 வாட் அடுப்பை 6 ஆம்பியர் பிளக்கில் செருகினால் உருகும். தொட்டிக்கு மேலே எந்தப் பிளக்கும் கூடாது. அம்மியைத் தூக்கி எறிவதும் வேண்டாம். கஜாவுக்குப் பின் பல கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தபோது, கொல்லை அடுப்பும் அம்மியும்தான் சோறு போட்டன. உளுந்தை அரைக்கும் ஆட்டுக்கல்லுக்கு இப்போது பெரும்பாலும் கொல்லைதான் இடம், அங்கேயாவது இருக்கட்டும்.

பொருள்களில் கடப்பைக்கல்லுக்கு நிகர் குறைவு. கரையானும் தண்ணீரும் அதை ஒன்றும் செய்யா. மேடையின் தாங்குபலகைக்கும் தட்டுகளுக்கும் அதுவே போதும். மேல்பரப்புக்குக் கிரானைட் வேண்டுமானால், கல் அறுக்கும் பட்டறைகளில் பெரிய வேலையில் மிஞ்சிய துண்டுகள் மலிவாக வரும். ஏழடி மேடைக்கு மூன்றடித் துண்டும் நாலடித் துண்டும் சேர்ந்தால் சரி. அடுப்புக்கும் நறுக்கும் இடத்துக்கும் மட்டம் வேறு என்பதால் இணைப்பும் உறுத்தாது. பிளைவுட், துகள்பலகை அலமாரிகளைத் தொட்டிக்கடியில் வைப்பது பணத்தை நனைத்து வைப்பதற்குச் சமம். சுவர் டைல்ஸ் அடுப்புக்கும் தொட்டிக்கும் பின்னால் இரண்டடி உயரத்துக்குப் போதும். செம்புறாங்கல்லில் சுவர் எழுப்பியவர்கள், அது நீர் உறிஞ்சும் கல் என்பதால், தொட்டிப் பக்கச் சுவரின் இரு முகத்திலும் சிமென்ட் பூச வேண்டும்.

சுவரும் கூரையும் போக அடுப்படிக்கென்று ஒதுக்கும் நூறு ரூபாயை இப்படிப் பிரிக்கலாம்: குழாய், வாட்டம், தரை, மின்கம்பி, சாளரத்துக்கு நாற்பது, மேடை, தொட்டி, தட்டுகளுக்கு முப்பது, கொல்லை அடுப்புக்கும் அதன் கூரைக்கும் பதினைந்து. மீதிப் பதினைந்தைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். ஏதாவது ஒன்று தவறாமல் கூடுதலாக வரும். பெரும்பாலும் பிளம்பர் இரண்டாம் முறை வரும் கூலி. சிமென்ட்டுக்கான சரக்கு சேவை வரி 2025 செப்டம்பரில் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்ததுபோன்ற சலுகைகள், கிடைத்தால், இந்தப் பதினைந்தில் சேரட்டும். டைல்ஸில் சேர வேண்டாம்.

தள்ளிப்போடக் கூடியவை பல: அலமாரிக் கதவுகள், மேல்தட்டுகள், வர்ணம், கூரைவரை டைல்ஸ். தட்டுகளுக்குக் கதவு வரும்வரை பழைய சேலையைக் கிழித்துத் திரை போட்டுக்கொள்ளலாம், அடுப்பிலிருந்து மூன்றடி தள்ளி.